1948இல் போகாத வெள்ளைக்காரன்: திருகோணமலையிலிருந்து டியாகோ கார்சியா வரை

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். பத்தாம், பதினோராம் தரத்தில் வரலாறு படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

2021 ஒக்டோபரில் கனடாவுக்குப் போகவென்று வெளிக்கிட்ட ஒரு படகு நடுக்கடலில் ஆபத்தில் சிக்கியது. அதில் இருந்த 89 பேரும் இலங்கைத் தமிழர்கள். சிறுபிள்ளைகளும் இருந்தார்கள். பிரித்தானியக் கடற்படை அவர்களை மீட்டு டியாகோ கார்சியா என்ற தீவில் இறக்கியது. சில நாட்களில் எங்காவது அனுப்பிவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் பலர் மூன்று வருடங்களுக்கு மேல் அங்கே கூடாரங்களில், காவலுக்குள் இருந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அதே மாதம் அந்தத் தீவுப் பிரதேசத்துக்கான நீதிமன்றம், அவர்களை அங்கே வைத்திருந்தது சட்டவிரோதத் தடுப்பு என்று தீர்ப்பளித்தது.

இந்தச் செய்தியை நம்மில் பலர் வாசித்தோம், கவலைப்பட்டோம், கடந்து போனோம். ஆனால் அதற்குள் ஒரு வரலாற்றுக் கேள்வி இருக்கிறது. வெள்ளைக்காரன் 1948இல் போய்விட்டான் என்றுதானே படிப்பிக்கிறோம்? அப்படியென்றால் 2021இல், இலங்கைக்குத் தெற்கே ஏறத்தாழ 1,800 கிலோமீற்றர் தூரத்தில், இந்து சமுத்திரத்தின் நடுவில் பிரித்தானியாவுக்கு ஒரு தீவு எப்படி இருந்தது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் நம்முடைய திருகோணமலைக்கு வந்து சேருவோம். இன்னும் கொஞ்சம் போனால் சாவகச்சேரிக்கும் வருவோம்.

வளவைக் கொடுத்தார்கள், கிணற்றுப்பங்கை வைத்துக்கொண்டார்கள்

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியா வென்றது. ஆனால் வென்றபோது கையில் காசில்லை. 1946இல் அமெரிக்காவிடம் 375 கோடி டொலர் கடன் வாங்கியது. அந்தக் கடனின் கடைசித் தவணையைக் கட்டி முடித்தது 2006 டிசம்பரில். ஒரு பேரரசு எந்த நிலையில் போரிலிருந்து வெளியே வந்தது என்பதை விளங்கிக்கொள்ள இந்த ஒரு கணக்குப் போதும்.

1947 ஓகஸ்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் சுதந்திரம் பெற்றன. அதோடு கிழக்கில் பிரித்தானியாவுக்கு முதுகெலும்பாக இருந்த இந்திய இராணுவமும் கைவிட்டுப் போனது. மிஞ்சியது கடல் வழி. கடல் வழிக்குத் துறைமுகம் வேண்டும்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்த பிறகு, திருகோணமலையின் பெறுமதி என்ன என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த வருடம் ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. நமது பலாலி விமானத்தளமும் அந்தப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்ததுதான்.

ஆகவே இலங்கைக்குச் சுதந்திரம் கொடுக்குமுன், 1947 நவம்பர் 11ஆம் திகதி, டி.எஸ். சேனாநாயக்கவோடு ஒப்பந்தங்கள் கைச்சாத்திடப்பட்டன. அவற்றில் ஒன்று பாதுகாப்பு ஒப்பந்தம். திருகோணமலையில் கடற்படையும் கட்டுநாயக்கவில் விமானப்படையும் தொடர்ந்து இருக்க அது வழி செய்தது. மூன்று மாதங்களுக்குள், 1948 பெப்ரவரி 4இல், சுதந்திரம் வந்தது.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வளவை எழுதிக் கொடுத்துவிட்டு, கிணற்றுப்பங்கையும் வழிவாய்க்காலையும் தன் பெயரில் வைத்துக்கொள்வது. காணி உங்களுடையது. ஆனால் தண்ணீர் அள்ள அவர் எந்த நேரமும் உங்கள் முற்றத்தால் வருவார்.

இதைச் சேனாநாயக்கவின் பலவீனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பக்கத்தில் ஒரு பெரிய இந்தியா புதிதாக எழும்புகிறது, நமக்குப் பாதுகாப்பு யார் என்ற பயமும் அவருக்கு இருந்தது. சிறிய நாட்டின் பயம் பெரிய நாட்டுக்கு எப்போதும் வசதியானது. இந்தக் கதையில் அது இன்னொரு முறையும் வரும்.

சுயஸ்: ஒரு வாரத்தில் உடைந்த நம்பிக்கை

1956 ஏப்ரலில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க பிரதமரானார். அந்தப் பெயர் வந்ததும் நமக்கெல்லாம் முதலில் ஞாபகம் வருவது தனிச் சிங்களச் சட்டம்தான். அது நியாயம். ஆனால் அதே வருடம் அவர் லண்டனுக்குப் போய், எங்கள் துறைமுகத்தையும் விமானத்தளத்தையும் திருப்பித் தாருங்கள் என்றும் கேட்டார். ஒரே மனிதர், ஒரே வருடம். வரலாற்றில் ஆட்களை நல்லவர், கெட்டவர் என்று இரண்டு பெட்டிக்குள் போட முடியாது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அந்த வருடம் ஜூலை 26இல் எகிப்தின் கமால் அப்துல் நாசர் சுயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கினார். ஒக்டோபர் இறுதியில் இஸ்ரேல் எகிப்துக்குள் புகுந்தது. பின்னாலேயே பிரித்தானியாவும் பிரான்சும் தாக்கின. படைபலத்தைப் பார்த்தால் எகிப்து தாக்குப்பிடிக்க முடியாத போர். ஆனால் நவம்பர் 6ஆம் திகதியே பிரித்தானியா போர் நிறுத்தத்துக்குச் சம்மதித்தது. டிசம்பர் மாதம் முடியுமுன் கடைசிப் படையும் வெளியேறியது.

நிறுத்தியது யார்? அமெரிக்கா. அது துப்பாக்கி தூக்கவில்லை. பவுணின் பெறுமதி விழுந்துகொண்டிருந்தது. சர்வதேச நாணய நிதியத்திடமிருந்து உதவி வேண்டுமென்றால் படையை எடு என்று வோஷிங்டன் சொன்னது. அவ்வளவுதான். (2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற நமக்கு, நாணயம் விழும்போது ஒரு நாட்டின் குரல் எப்படி மாறும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.)

1957 ஜனவரியில் பிரதமர் அன்ரனி ஈடன் பதவி விலகினார். அடுத்து வந்தவர் ஹரோல்ட் மக்மில்லன். அவர் அந்த மாதமே தன் அதிகாரிகளிடம் ஒரு கணக்குக் கேட்டார். ஒவ்வொரு குடியேற்ற நாட்டாலும் நமக்கு என்ன இலாபம், என்ன நட்டம் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்பதுதான் அந்தக் கேள்வி. கடை முதலாளி வருட முடிவில் கணக்குப் புத்தகத்தை விரிப்பது போல.

இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பேரரசு தன்னுடைய இடத்தைப் பற்றித் திரும்ப யோசிக்கத் தொடங்கிய நேரம் இது. அந்த யோசனையில் காசு இருந்தது, கப்பல் இருந்தது, அமெரிக்காவின் மனம் இருந்தது. அந்த நாடுகளில் வாழ்ந்த மனிதர்கள் அந்த இலாப நட்டக் கணக்கில் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டார்கள் என்று தேடிப் பாருங்கள்.

1957 ஒக்டோபரில் திருகோணமலை கடற்படைத்தளம் இலங்கையிடம் வந்தது. நவம்பரில் கட்டுநாயக்க வந்தது. சுதந்திரம் கிடைத்து ஒன்பது வருடங்களுக்கும் மேலான பிறகு. உறுதியிலிருந்து கிணற்றுப்பங்கு வெட்டப்பட்டது அப்போதுதான்.

தளம் போனது, தேவை போகவில்லை

இதுவரை சொன்னது நமது வெற்றிக் கதை. ஆனால் கடலின் இன்னொரு பக்கத்தில் அதற்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. அதை நாம் படிப்பிப்பதில்லை.

கட்டுநாயக்கவில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு சிங்கப்பூருக்குப் பறந்த விமானங்களுக்கு வேறு இடம் வேண்டுமல்லவா? அதற்கு மாலைதீவின் தென்கோடியிலுள்ள அத்து பவளத்தீவில் கன் என்ற சின்னத் தீவைப் பிடித்தார்கள். இலங்கை கதவைச் சாத்தியது, மாலைதீவில் கதவு திறந்தது. அந்தத் தளத்தில் கிடைத்த வேலையும் சம்பளமும் தெற்குத் தீவுகளை மாலேயிலிருந்து பிரித்தன. 1959இல் அவை தனி நாடு என்று அறிவித்து, 1963 வரை அந்தப் பிரிவினை இழுபட்டது. பிரித்தானியா தங்கள் பக்கம் நிற்கும் என்று அந்த மக்கள் நம்பினார்கள். நிற்கவில்லை. அதுவும் ஒரு பாடம்.

கன் தீவிலும் ஆட்கள் இருந்தார்கள், அரசாங்கம் இருந்தது, பேரம் பேச வேண்டியிருந்தது. இனி ஒரு தளம் எடுப்பதென்றால் சுதந்திரம் கேட்க ஆளில்லாத தீவாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் லண்டனிலும் வோஷிங்டனிலும் வளர்ந்தது. பண்டாரநாயக்கவைப் போல ஒருவர் எழும்பி, கொடு என்று கேட்கவே முடியாத ஒரு தளம்.

அப்படித்தான் சாகோஸ் தீவுக்கூட்டத்துக்கு வருகிறார்கள்.

சாகோஸ் மொரீசியஸின் நிர்வாகத்தில் இருந்தது. 1965 செப்டெம்பரில் மொரீசியஸ் தலைவர் சீவூசாகுர் ராம்கூலம் சுதந்திரம் பேச லண்டனுக்கு வந்தார். பிரதமர் ஹரோல்ட் வில்சன் அவரைத் தனியாகச் சந்தித்தார். அந்தச் சந்திப்புக்கு முன் அதிகாரிகள் வில்சனுக்கு எழுதிக் கொடுத்த குறிப்பு பின்னாளில் வெளியே வந்தது. சுதந்திரம் கிடைக்கும் என்ற நம்பிக்கையையும், தீவுகளைப் பிரித்துத் தராவிட்டால் கிடைக்காமல் போகலாம் என்ற பயத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். ராம்கூலம் இணங்கினார். 30 இலட்சம் பவுண் கொடுக்கப்பட்டது. 1965 நவம்பர் 8ஆம் திகதி சாகோஸ் பிரித்தெடுக்கப்பட்டு, பிரித்தானிய இந்து சமுத்திரப் பிரதேசம் என்ற புதிய குடியேற்றம் உருவானது. மொரீசியஸ் 1968இல் சுதந்திரம் பெற்றது. சிறிய நாட்டின் பயம் என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

யோசித்துப் பாருங்கள். உலகம் முழுக்கக் குடியேற்றங்களைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், பிரித்தானியா ஒரு புதிய குடியேற்றத்தை உண்டாக்கியது. 1966இல் அதை 50 வருடங்களுக்கு அமெரிக்காவின் பாதுகாப்புத் தேவைக்குக் கொடுத்தது. பதிலுக்குப் பொலாரிஸ் ஏவுகணை வாங்கியதில் பிரித்தானியாவுக்கு 1 கோடி 40 இலட்சம் டொலர் கழிவு இரகசியமாகக் கிடைத்தது.

கொப்பரா தீவின் மனிதர்கள்

ஒரு பிரச்சினை இருந்தது. அந்தத் தீவுகளில் ஆட்கள் இருந்தார்கள். ஆயிரத்து ஐந்நூறுக்கும் இரண்டாயிரத்துக்கும் இடைப்பட்டவர்கள்.

ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். தொழில் தென்னை. தேங்காய் பொறுக்கி, உரித்து, உலர்த்திக் கொப்பராவாக்குவது. தென்மராட்சி ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேவாலயம் இருந்தது, சவக்காலை இருந்தது. ஐந்து தலைமுறை வாழ்ந்துவிட்டால் அது சொந்த ஊர்தானே.

1966இல் லண்டனில் வெளிவிவகாரத் துறையின் மேலதிகாரிகள் எழுதிக்கொண்ட குறிப்புகளில், அங்கே கடற்பறவைகளைத் தவிரப் பூர்வகுடிகள் எவரும் இருக்கமாட்டார்கள் என்ற கருத்து நக்கலாக எழுதப்பட்டிருக்கிறது. நிரந்தரக் குடிமக்கள் இருக்கிறார்கள் என்றால் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். ஆகவே அவர்கள் வந்துபோகும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று பதிவில் எழுத முடிவெடுத்தார்கள். ஆட்களை ஊரிலிருந்து அகற்றுமுன், எழுத்திலிருந்து அகற்றினார்கள்.

முதலில் வைத்தியத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரீசியஸ் போனவர்கள் திரும்பக் கப்பலேற அனுமதிக்கப்படவில்லை. பின்னாளில் இவர்களுடைய வழக்குகளை முன்னின்று நடத்திய ஒலிவியே பாங்கூவின் குடும்பமும் அப்படிச் சிக்கியதுதான். 1968இல் அவருடைய தங்கையின் வைத்தியத்துக்காகப் போனார்கள். ஒலிவியேக்கு அப்போது நாலு வயது. திரும்பிப் போக உங்கள் தீவு இனி இல்லை, விற்றாகிவிட்டது என்று சொன்னார்கள்.

1971இல் டியாகோ கார்சியா காலியாக்கப்பட்டது. போகுமுன் தீவின் நாய்களைப் பிடித்துக் கொப்பரா உலர்த்தும் கொட்டிலுக்குள் அடைத்துப் புகையடித்துக் கொன்றார்கள். வளர்த்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒரு பெட்டியோ பாயோ எடுத்துக்கொண்டு கப்பல். 1973க்குள் மற்றத் தீவுகளும் வெறுமையாயின. பெரும்பாலானோர் மொரீசியஸின் போர்ட் லூயிஸ் சேரிகளிலும் சிலர் சீஷெல்ஸிலும் இறக்கிவிடப்பட்டார்கள்.

அதே 1971 டிசம்பரில் இலங்கையின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இந்து சமுத்திரத்தை அமைதி வலயம் என்று அறிவித்தது. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் பெரிய இராஜதந்திர வெற்றி என்று இன்றும் சொல்வார்கள். தீர்மானம் நல்ல தீர்மானம்தான். ஆனால் நிறைவேறிய அதே வருடத்தில் அந்தச் சமுத்திரத்தின் நடுவில் ஒரு ஊர் துடைக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

சுயஸுக்குக் கிழக்கே, பிறகு ஐரோப்பா, பிறகு திரும்பவும்

பிரித்தானியாவின் பக்கம் இதற்கிடையில் என்ன நடந்தது?

1962 டிசம்பரில் அமெரிக்காவின் முன்னாள் இராஜாங்கச் செயலாளர் டீன் அச்சிசன் ஒரு பேச்சில், பிரித்தானியா பேரரசை இழந்துவிட்டது, ஆனால் தனக்கென்று புதிய இடத்தை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்ற கருத்தைச் சொன்னார். லண்டனில் பெரிய கோபம். உண்மை என்பதால்தான் சுட்டது.

1967 நவம்பரில் பவுணின் மதிப்பு 2.80 டொலரிலிருந்து 2.40க்கு இறக்கப்பட்டது. 1968 ஜனவரியில் வில்சன், சுயஸுக்குக் கிழக்கேயுள்ள படைகளை 1971 முடிவுக்குள் திருப்பி எடுப்போம் என்றார். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா எல்லாவற்றிலும் பெருந்தளங்கள் மூடப்பட்டன. மலாயாவின் பென்சன் காசில் கல்வீடு கட்டிய யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு ஒரு யுகம் முடிந்தது போல இருந்திருக்கும்.

பிறகு ஐரோப்பா. இரண்டு முறை பிரான்சின் டி கோல் கதவைச் சாத்தினார். 1973இல் உள்ளே போனார்கள். 2016இல் வாக்கெடுப்பு நடத்தி வெளியேற முடிவு செய்தார்கள். 2020 ஜனவரி 31இல் வெளியேறினார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஒரு தென்னந்தீவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். 2017இல் மொரீசியஸ் இந்தப் பிரச்சினையைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லிப் பொதுச்சபைக்குப் போனது. 94 நாடுகள் ஆதரவு, 15 எதிர்ப்பு, 65 நாடுகள் வாக்களிக்கவில்லை. ஒதுங்கி நின்றவர்களில் ஐரோப்பிய அயலவர்கள் பலர். முன்பென்றால் பக்கத்தில் நின்றிருப்பார்கள். 2019 பெப்ரவரி 25இல் அந்த நீதிமன்றம், சாகோஸைப் பிரித்தது சட்டப்படி சரியல்ல, பிரித்தானியா கூடிய விரைவில் தன் நிர்வாகத்தை முடிக்க வேண்டும் என்று ஆலோசனை வழங்கியது. மே மாதம் பொதுச்சபையில் 116 நாடுகள் மொரீசியஸ் பக்கம் நின்றன. பிரித்தானியாவோடு சேர்த்து எதிர்த்து வாக்களித்தவை ஆறு. அந்த ஆறில் மாலைதீவும் ஒன்று.

116க்கு 6. ஒரு காலத்தில் உலக வரைபடத்தின் கால்வாசியைச் சிவப்பாக வைத்திருந்த நாட்டுக்கு இந்த எண் ஒரு கண்ணாடி.

வென்றது எப்படி

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரித்தானியாவின் பொய்யை உடைத்ததில் பிரித்தானியாவின் சட்டத்துக்கும் பங்கு இருக்கிறது. முப்பது வருடங்கள் கழித்து அரச கோப்புகளைத் திறக்க வேண்டும் என்ற விதி அங்கே இருந்தது. 1990களில் அந்தக் கோப்புகள் திறந்தன. கடற்பறவைக் குறிப்பும் ஒப்பந்தத் தொழிலாளர் என்ற கட்டுக்கதையும் வெளியே வந்தன. 2000 நவம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம், அந்த மக்களைத் தீவுக்குள் வரவிடாமல் செய்த சட்டம் செல்லாது என்றது. அப்போதைய வெளிவிவகார அமைச்சர் ரொபின் குக் மேன்முறையீடு செய்யவில்லை.

ஆனால் 2001 செப்டெம்பர் 11க்குப் பிறகு, ஆப்கானிஸ்தான், ஈராக் போர்களில் டியாகோ கார்சியாவிலிருந்து குண்டுவீச்சு விமானங்கள் பறந்தன. 2004இல் பாராளுமன்றத்தில் விவாதிக்காமலே அரச ஆணை மூலம் திரும்பிப் போகும் உரிமையை மீண்டும் பறித்தார்கள். 2008இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் 3க்கு 2 என்று அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். 2010இல் அந்தக் கடலை மீன்பிடி தடைசெய்யப்பட்ட பாதுகாப்பு வலயமாக்கினார்கள். பவளப்பாறையைக் காப்பாற்ற என்றார்கள். அந்த வலயம் மொரீசியஸின் உரிமைகளை மீறியது என்று 2015இல் சர்வதேச நடுவர் மன்றம் சொன்னது.

கடைசியில் 2025 மே 22ஆம் திகதி பிரித்தானியாவும் மொரீசியஸும் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டன. தீவுகளின் இறைமை மொரீசியஸுக்கு. டியாகோ கார்சியா தளம் மட்டும் 99 வருடக் குத்தகைக்குப் பிரித்தானியாவிடம், சராசரியாக வருடத்துக்கு 10 கோடி 10 இலட்சம் பவுண் வாடகையில். கைச்சாத்துக்குப் பிறகும் லண்டனிலும் வோஷிங்டனிலும் அதைப் பற்றிய வாக்குவாதம் ஓயவில்லை.

பார்த்தீர்களா? 1947இல் திருகோணமலையில் செய்ததையே இங்கேயும் செய்கிறார்கள். வளவு மொரீசியஸுக்கு. கிணற்றுப்பங்கு அவர்களுக்கு.

அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் சாகோஸ் மக்கள் இருக்கவில்லை. இரண்டு அரசாங்கங்கள் பேசின. மற்றத் தீவுகளில் மொரீசியஸ் குடியேற்றம் செய்யலாம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. டியாகோ கார்சியாவில் பிறந்தவர்களுக்கு அது ஆறுதல் இல்லை. அங்கே பிறந்த ஒரு பெண் உட்பட இரண்டு பெண்கள் நீதிமன்றம் போனதால் கைச்சாத்தே சில மணித்தியாலம் தாமதமானது. மொரீசியஸின் கீழ் போக விரும்பாத சாகோஸ் மக்களும் இருக்கிறார்கள், வரவேற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. பிரித்தெடுக்கும்போதும் கேட்கவில்லை, திருப்பிக் கொடுக்கும்போதும் கேட்கவில்லை.

நமக்கு இதில் என்ன?

சாவகச்சேரிக்கு வருவோம் என்று சொல்லியிருந்தேன்.

1990 ஒக்டோபரில் வடக்கு மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர். சாவகச்சேரி முஸ்லிம்கள் யாழ்ப்பாண நகரத்தாருக்கும் முன்னரே போனார்கள். என் குடும்பமும் அதில் அடக்கம். புத்தளத்து ஓலைக்கொட்டில்களில் வளர்ந்த தலைமுறை என்னுடையது. அது தவறென்று பின்னாளில் சொல்லப்பட்டது. திரும்பி வரலாம் என்றும் சொல்லப்பட்டது. அந்தச் சொல்லை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் வரலாம் என்று சொல்வதற்கும் வந்து வாழ முடிவதற்கும் இடையில் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு உறுதி, ஒரு தொழில், பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூட இடம் இவ்வளவும் இருக்கின்றன.

இந்த வலி முஸ்லிம்களுக்கு மட்டும் சொந்தமில்லை. 2000இல் தென்மராட்சியே இடம்பெயர்ந்தது. வலிகாமம் வடக்கு மக்கள் பலாலி உயர்பாதுகாப்பு வலயத்தால் இருபது, முப்பது வருடம் நலன்புரி முகாம்களில் இருந்தார்கள். மலையக உறவுகளை 1964இல் இரண்டு பிரதமர்கள் 9,75,000 என்ற ஒரு எண்ணாக்கிப் பங்கு பிரித்தார்கள். இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று. அவர்களிடமும் யாரும் கேட்கவில்லை.

ஆகவே சாகோஸ் கதையை வெள்ளைக்காரனைத் திட்டுவதற்காக நான் எழுதவில்லை. அதிகாரம், தான் யார் என்று திரும்ப யோசிக்கும்போது, அது பேரரசாக இருந்தாலும் அரசாங்கமாக இருந்தாலும் ஆயுதம் வைத்திருந்தவராக இருந்தாலும், முதலில் தன்னுடைய கணக்கைத்தான் பார்க்கிறது. இடம்பெயர்க்கப்பட்டவர்களின் கணக்கு கடைசிப் பக்கத்தில்தான் வரும். அவர்களே எழுதி வைத்திருந்தால் மட்டும்தான் வரும்.

சாகோஸ் மக்கள் எழுத்தில் அழிக்கப்பட்டார்கள், எழுத்தாலேயே திரும்பி எழுந்தார்கள். அந்த எழுத்து எதிரியின் கோப்பில் இருந்தது, முப்பது வருடம் காத்திருந்தார்கள். நமது நாட்டில் அப்படித் திறக்கப்போகும் கோப்புகள் எத்தனை இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நாம் அதை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

1990இல் முப்பது வயதில் வெளியேறியவருக்கு இப்போது அறுபத்தைந்துக்கு மேல். எந்த ஒழுங்கையில் யாருடைய வீடு, எந்தக் கடை யாருடையது, சந்தைக்குப் பக்கத்தில் யார் என்ன வியாபாரம் செய்தார்கள், யாருடைய கிணற்றில் யார் தண்ணீர் அள்ளினார்கள், வெளிக்கிடும்போது சாவியை எந்த அயலவரிடம் கொடுத்தார்கள், எந்த அயலவர் அழுதுகொண்டு சாப்பாட்டுப் பார்சல் கட்டித் தந்தார். இதெல்லாம் அவர்கள் தலைக்குள் இருக்கிறது. ஜனாஸா தொழுகையோடு அதுவும் மண்ணுக்குள் போய்விடும்.

என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் இருந்து கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். பெயர், ஒழுங்கை, வருடம் எல்லாம் கேட்டு எழுதுங்கள். 

இரண்டு, பழைய உறுதி, பள்ளிக்கூடச் சான்றிதழ், பங்கீட்டு அட்டை, நிக்காஹ் பதிவு, கடைப் பற்றுச்சீட்டு எது இருந்தாலும் படமெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

மூன்று, இது இந்த ஊரின் தமிழ் உறவுகளுக்கு. உங்களுக்கும் எங்கள் ஆட்களைப் பற்றிய ஞாபகம் இருக்கிறது. எங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். உங்கள் இடம்பெயர்வுக் கதையையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டு கதையும் ஒரே கொப்பியில் இருந்தால்தான் அது சாவகச்சேரியின் வரலாறு.

கருத்துப் பகுதியில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு பெயரையும் ஒழுங்கையையும் நான் ஒரு கொப்பியில் சேர்க்கிறேன். வெளியிட விரும்பாதவர்கள் உள்பெட்டியில் அனுப்புங்கள். அடுத்த தவணையில் பதினோராம் தரப் பிள்ளைகளோடு சேர்ந்து ஊரின் பழைய வரைபடம் ஒன்றைக் கீறத் தொடங்குகிறோம், இன்ஷா அல்லாஹ்.